ஸ்டோரேஜ் நெட்வொர்க்கில் ஸ்விட்சுகளை எப்படி இணைப்பது? முதலில் போர்ட்டை எண்ணுங்கள்

கேள்வி இது: இன்று 18 சர்வர்கள், ஒரு ஸ்டோரேஜ், 24 போர்ட் கொண்ட 16 ஜிகாபிட் ஃபைபர் சேனல் (சர்வரை ஸ்டோரேஜோடு இணைக்கும் தனி நெட்வொர்க் முறை) ஸ்விட்சுகள் இரண்டு. மூன்று ஆண்டுகளில் 60 சர்வர்கள், இரண்டு ஸ்டோரேஜ், நான்கு டிரைவ் உள்ள ஒரு டேப் லைப்ரரி என்று வளரப்போகிறது. இதே 24 போர்ட் ஸ்விட்சுகளை இன்னும் சில வாங்கி, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கோத்து முழு மெஷ் ஆக்கிவிட்டால் வேகமும் பாதுகாப்பும் சேர்ந்து கிடைத்துவிடாதா? அல்லது நடுவில் ஒரு ஸ்விட்ச், அதைச் சுற்றி மற்றவை என்ற கோர்–எட்ஜ் அமைப்புக்குப் போக வேண்டுமா? நேரே டைரக்டர், அதாவது கார்டு கார்டாகப் போர்ட் சேர்க்கும் மிகப் பெரிய ஸ்விட்ச், வாங்கிவிடலாமா?

நேர் பதில்: மெஷ் வேண்டாம். டைரக்டர் இப்போது தேவையில்லை. எல்லாவற்றையும் ஒரு ஃபேப்ரிக்குக்கு (ஒன்றாக இணைந்து ஒரே நெட்வொர்க்காக இயங்கும் ஸ்விட்சுகளின் தொகுதிக்கு) ஒரே ஸ்விட்ச் என்று அடக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால், ஸ்டோரேஜை நடுவில் வைத்த சிறிய கோர்–எட்ஜ் போதும். ஏன் என்பதற்குத்தான் மற்றவை.

எந்த வடிவம் என்று பேசுவதற்கு முன் ஒன்றைத் தீர்த்துவிட வேண்டும். ஸ்டோரேஜ் நெட்வொர்க் என்றால் ஒன்றல்ல, இரண்டு. ஏ ஃபேப்ரிக், பி ஃபேப்ரிக். ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு எச்.பி.ஏ. (ஃபைபர் சேனல் கார்டு) போர்ட்டுகள், ஒன்று ஏ-வுக்கு, மற்றது பி-க்கு. ஸ்டோரேஜின் ஒவ்வொரு கன்ட்ரோலரிலிருந்தும் பாதிப் போர்ட்டுகள் இங்கே, பாதி அங்கே. இந்த இரண்டு ஃபேப்ரிக்குகளுக்கும் நடுவே ஒரு கேபிள்கூட இருக்கக் கூடாது. இன்று உங்களிடம் இருக்கும் இரண்டு ஸ்விட்சுகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தால், இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு அதை எப்படிப் பிரிப்பது என்று யோசியுங்கள்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு நிறுவனத்தில் நிறுவும்போதே யாரோ இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவே இரண்டு கேபிள்களைப் போட்டிருந்தார்கள். ‘கூடுதல் பாதை, கூடுதல் பாதுகாப்பு’ என்பது அப்போதைய நியாயம். ரேக்கில் ஏ என்றும் பி என்றும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஆனால் ஸ்விட்சுகளைப் பொறுத்தவரை அது ஒரே ஃபேப்ரிக். ஒரு மாலை, புதிய சர்வருக்காக சோனிங்கை (எந்தச் சர்வர் எந்த ஸ்டோரேஜைப் பார்க்கலாம் என்ற பட்டியலை) மாற்றியவர் பழைய பிரதி ஒன்றைத் திறந்து வைத்திருந்ததைக் கவனிக்காமல் அதையே நடைமுறைப்படுத்திவிட்டார். அந்தப் பிரதியில் கடைசி ஆறு மாதத்தில் சேர்த்த சர்வர்களின் சோன்கள் இல்லை. சோனிங் மாற்றம் ஃபேப்ரிக் முழுவதும் தானாகப் பரவும். அதுதான் அதன் வேலை. சில விநாடிகளில் அந்தச் சர்வர்களுக்கு இரண்டு பக்கப் பாதையும் ஒருசேரப் போனது. ஒரு பாதை போனால் மற்றதற்கு மாற்றிவிடும் மல்டிபாத் மென்பொருள் என்ன செய்யும்? மாறிக்கொள்ள இன்னொரு பாதை இருந்தால்தானே. அந்த இரண்டு கேபிள்கள் இல்லாதிருந்தால் ஏ பக்கம் மட்டும் விழுந்திருக்கும், பி பக்கம் ஓடிக்கொண்டிருக்கும், அவரும் பழைய பிரதி என்று கண்டுபிடித்துத் திருத்திவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

ஃபேப்ரிக் என்பது தவறும் பரவும் எல்லை. ஸ்விட்ச் வன்பொருள் கெட்டுப்போவது அபூர்வம். மனிதக் கை தவறுவது அபூர்வமல்ல. ஃபேப்ரிக்குக்குள் எத்தனை மாற்றுப் பாதை வைத்தாலும் அது ஒரு ஸ்விட்சோ கேபிளோ கெடுவதிலிருந்து காப்பாற்றும், தவறான கட்டளையிலிருந்து காப்பாற்றாது.

சரி, இனி எண்ணுவோம். கீழே சொல்வதெல்லாம் ஒரு ஃபேப்ரிக்குக்கான கணக்கு. மற்றது அதன் நகல்.

60 சர்வர்கள், ஆளுக்கு ஒரு போர்ட்: 60. ஸ்டோரேஜ் ஒவ்வொன்றிலும் எட்டு முகப்புப் போர்ட்டுகள் என்று வைத்தால், இந்தப் பக்கம் நான்கு வீதம் இரண்டுக்கும் சேர்த்து 8. டேப் டிரைவ் நான்கில் இரண்டு இந்தப் பக்கம். ஆக 70. இன்று 18 சர்வர்களும் நான்கு ஸ்டோரேஜ் போர்ட்டுகளுமாக 24-இல் 22 நிரம்பிவிட்டன. கேள்வி ஏன் இப்போது வந்தது என்பதும் புரிகிறது.

70 போர்ட் என்பது இன்றைய ஸ்விட்சுகளுக்குப் பெரிய எண்ணல்ல. ஒரே பெட்டியில் 96 போர்ட் கொண்ட 32 ஜிகாபிட் ஸ்விட்சுகள் இருக்கின்றன. 128 போர்ட் கொண்டவையும் உண்டு. ஃபேப்ரிக்குக்கு 96 போர்ட் ஸ்விட்ச் ஒன்று வைத்தால் 26 போர்ட் மிச்சம், வடிவம் என்ற கேள்வியே எழாது, ஸ்விட்சுகளுக்கு இடையே ஒரு கேபிளும் வேண்டாம். நான் பார்த்தவரையில் நன்றாக ஓடும் நடுத்தர ஸ்டோரேஜ் நெட்வொர்க்குகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன: இரண்டு பெரிய பெட்டிகள், நடுவே ஒன்றுமில்லை. வரைபடம் வரைந்து மாட்ட எதுவும் இருக்காது என்பது மட்டும்தான் குறை. உங்களுக்குப் பெரிய பெட்டி வாங்க வழியிருந்தால் இதுவே என் முதல் சிபாரிசு. விலை கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 96 போர்ட் பெட்டியானாலும் அதில் 48 மட்டும் லைசென்ஸோடு வரும், மற்றவற்றுக்குப் பிறகு வாங்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் வாடிக்கை. நீங்கள் இப்போது வைத்திருக்கும் 24 போர்ட் ஸ்விட்சும் அப்படி வந்ததாக இருக்கலாம்.

பெரிய பெட்டி கட்டுப்படியாகாது, இருக்கும் ஸ்விட்சுகளையும் வீணாக்கக் கூடாது என்றால் ஸ்விட்சுகளைக் கோத்தே ஆக வேண்டும். கோக்கும் கேபிளுக்குப் பெயர் ஐ.எஸ்.எல்.; ஸ்விட்சிலிருந்து ஸ்விட்சுக்குப் போகும் இணைப்பு. எல்லா வடிவங்களும் இந்த ஐ.எஸ்.எல்.லை எங்கே, எத்தனை போடுவது என்பதில்தான் வேறுபடுகின்றன.

ஒன்றன் பின் ஒன்றாகச் சங்கிலி போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: நடுக்கண்ணி போனால் இரண்டு துண்டு. வளையம் அதைவிடத் தேவலாம், ஒரு கேபிள் அறுந்தால் சுற்றிக்கொண்டு போகும். ஆனால் புதிய ஸ்விட்ச் சேர்க்க வளையத்தை வெட்ட வேண்டும், எதிர்ப்பக்கத்துக்குப் போகிறவர் நடுவில் உள்ளவர்களின் கேபிளைப் பங்கு போட்டுக்கொள்வார். இரண்டையும் விட்டுவிடுவோம்.

மெஷ்தான் ஆசை காட்டும் வடிவம். படத்தில் பார்க்கச் சமச்சீராக இருக்கும், எல்லாருக்கும் எல்லாரும் பக்கம். கணக்குப் போட்டால்தான் வண்டவாளம் தெரியும். 24 போர்ட் ஸ்விட்ச் நான்கு, ஆறு ஜோடிகள். ஒரு ஜோடிக்கு ஒரே கேபிள் போடுவது அறிவுடைமையல்ல என்பதால் இரண்டு போடுகிறோம். 12 கேபிள்கள், இரு முனையும் சேர்த்து 24 போர்ட். 96-இல் 24 போக மிச்சம் 72. உங்களுக்கு வேண்டியது 70. ‘அடங்கிவிட்டதே’ என்று தோன்றும். இப்போது மூன்றாவது ஸ்டோரேஜோ பத்து சர்வர்களோ வருகின்றன, ஐந்தாவது ஸ்விட்ச் வாங்குகிறீர்கள். அதிலிருந்து மற்ற நான்குக்கும் இரண்டிரண்டு கேபிள்: புதியதில் எட்டு போர்ட் போயிற்று, பழையவற்றிலும் எட்டு போயிற்று. 24 போர்ட் வாங்கினீர்கள், கிடைத்தது 8, மொத்தம் 80. ஆறாவது வாங்கினால் கூடுதல் 4, மொத்தம் 84. ஏழாவது வாங்கினால் மொத்தம் 84-தான். ஒரு போர்ட்கூடக் கூடாது. ஏழாவது ஸ்விட்சுக்குக் கொடுக்கும் பணம் முழுவதும் கேபிள் சொருகுவதற்கே சரியாகப் போய்விடும்.

போர்ட் வீணாவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய ஏமாற்றம் வேறு. ஃபைபர் சேனலில் பாதையைத் தேர்ந்தெடுப்பது எஃப்.எஸ்.பி.எஃப். என்ற நெறிமுறை. அது செலவு குறைந்த பாதையை மட்டுமே எடுக்கும். செலவு சமமான பாதைகள் பல இருந்தால் அவற்றில் பகிரும். முதல் ஸ்விட்சிலிருந்து நான்காவதற்கு நேர் கேபிள் இருக்கும்போது, இரண்டாவது வழியாகச் சுற்றிப் போகும் பாதையை அது தொடாது. நேர் கேபிள் மூச்சுத் திணறினாலும், பக்கத்துக் கேபிள்கள் காலியாகக் கிடந்தாலும் தொடாது. ஆக, மெஷ்ஷில் நீங்கள் எண்ணிய ‘பல பாதைகள்’ அன்றாடத்தில் இல்லவே இல்லை. நேர் கேபிள் அறுந்த பிறகே அவை உயிர் பெறும்.

அதோடு, ஸ்டோரேஜ் நெட்வொர்க்கில் யார் யாரோடு பேசுகிறார்கள்? சர்வர் ஸ்டோரேஜோடு பேசும், பேக்கப் சர்வர் டேப்போடு பேசும், ரெப்ளிகேஷன் (ஒரு ஸ்டோரேஜின் தரவை இன்னொன்றில் நகலெடுப்பது) வைத்திருந்தால் ஸ்டோரேஜ் ஸ்டோரேஜோடு பேசும். சர்வர் இன்னொரு சர்வரோடு இந்த வழியில் பேசுவதில்லை. அதற்கு ஈத்தர்நெட் இருக்கிறது. இப்போது நான்கு ஸ்விட்ச் மெஷ்ஷில் ஸ்டோரேஜ் எல்லாம் ஒரே ஸ்விட்சில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்று ஸ்விட்சுகளுக்கும் இடையே உள்ள மூன்று ஜோடிகளின் கேபிள்களில் தரவு எதுவும் ஓடாது. ஆறு ஜோடிகளில் பாதி சும்மா. அந்தச் சும்மா கிடக்கும் கேபிள்களைப் பிடுங்கிப் போடுங்கள். மிஞ்சுவதைத் தள்ளி நின்று பாருங்கள். அதுதான் கோர்–எட்ஜ்.

ஸ்டோரேஜைப் பல ஸ்விட்சுகளில் பரப்பி வைத்து, அதைப் பயன்படுத்தும் சர்வரையும் அதே ஸ்விட்சில் வைத்தால் மெஷ்ஷில் ஐ.எஸ்.எல்.லே தேவைப்படாது என்று ஒரு வாதம் உண்டு. வாதம் சரிதான், முதல் நாளன்று. விர்ச்சுவல் மெஷின்கள் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு நகர ஆரம்பித்து, வால்யூம் ஒரு ஸ்டோரேஜிலிருந்து இன்னொன்றுக்கு மாற ஆரம்பித்த பிறகு, யார் யார் பக்கத்தில் என்ற ஏற்பாடு ஓராண்டு தாங்காது.

கோர்–எட்ஜில் ஸ்டோரேஜும் டேப்பும் பேக்கப் சர்வரும் கோர் ஸ்விட்சில். சர்வர்கள் எட்ஜ் ஸ்விட்சில். எந்தச் சர்வரிலிருந்தும் எந்த ஸ்டோரேஜுக்கும் ஒரே தாவல். உங்கள் எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஃபேப்ரிக்குக்கு 48 போர்ட் கொண்ட புதிய 32 ஜிகாபிட் ஸ்விட்ச் ஒன்று, அது கோர். இப்போதுள்ள 24 போர்ட் ஸ்விட்ச் ஓர் எட்ஜ். அதே மாதிரி இன்னொன்று வாங்கினால் இரண்டாவது எட்ஜ். ஒவ்வோர் எட்ஜிலிருந்தும் கோருக்கு நான்கு ஐ.எஸ்.எல்.; எட்ஜில் 20 சர்வர்களுக்கு இடம், இரண்டிலும் சேர்த்து 40. கோரில் ஸ்டோரேஜ் 8, டேப் 2, ஐ.எஸ்.எல். 8, ஆக 18. மிச்சம் 30. மீதியுள்ள 20 சர்வர்களை நேரே கோரிலேயே செருகுங்கள். அதற்குப் பிறகும் கோரில் 10 காலி. இன்னும் இரண்டு எட்ஜ் சேர்க்க அதில் எட்டு போதும், அப்போது மேலும் 40 சர்வர்கள் வரலாம். மெஷ்ஷோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கோரில் சர்வரைச் செருகுவதா, அது மரபில்லையே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆயிரம் போர்ட் நெட்வொர்க்கில் அந்தச் சுத்தம் தேவை. 70 போர்ட்டில் அது வெறும் ஆசாரம். அதிகம் படித்து எழுதும் டேட்டாபேஸ் சர்வர்களையும் பேக்கப் சர்வரையும் கோரில் வைத்தால், அவை ஐ.எஸ்.எல்.லுக்கு வரவே வராது. எட்ஜுக்குப் போக வேண்டியவை சாதுவான சர்வர்கள்.

ஐ.எஸ்.எல்.லை ஏன் இவ்வளவு ஒதுக்குகிறேன் என்று கேட்கலாம். தாமதத்துக்காக என்று பலர் நினைக்கிறார்கள். அதுவல்ல. ஒரு ஸ்விட்சைக் கடக்க ஆவது சில மைக்ரோ விநாடி. ஃபிளாஷ் ஸ்டோரேஜிலிருந்து பதில் வரவே நூறு மைக்ரோ விநாடி அளவில் ஆகும். ஒரு தாவல் கூடினால் யாருக்கும் தெரியாது. பயம் வேறு இடத்தில்.

ஈத்தர்நெட் நெரிசலில் பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும். ஃபைபர் சேனல் அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு போர்ட்டும் இணையும்போதே எதிர்முனையிடம் ‘வருவதைத் தாங்கி வைக்க என்னிடம் இத்தனை பஃபர் இருக்கிறது’ என்று சொல்லிவிடும். அந்த எண்ணிக்கைதான் கிரெடிட். ஒரு ஃப்ரேம் (ஃபைபர் சேனலின் பாக்கெட்) அனுப்பினால் கிரெடிட்டில் ஒன்று குறையும். எதிர்முனை அதை எடுத்துக்கொண்டு ‘தயார்’ என்று சமிக்ஞை அனுப்பினால் ஒன்று கூடும். கிரெடிட் பூஜ்யமானால் அனுப்புகிறவர் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். அருமையான ஏற்பாடு, எதுவும் தொலையாது. ஆனால் கடைமடையில் அடைப்பு விழுந்தால் தண்ணீர் வாய்க்காலில் பின்னோக்கி ஏறுவதைப் போல, ஒரு சர்வர் ஃப்ரேம்களை மெதுவாக எடுத்துக்கொண்டால் நெரிசல் ஸ்டோரேஜ் வரை பின்னேறும். நடுவில் ஐ.எஸ்.எல். இருந்தால், அதன் பஃபர்கள் அந்த ஒரு சர்வருக்கான ஃப்ரேம்களால் நிரம்பி நிற்கும். அதே ஐ.எஸ்.எல்.லில் வரவேண்டிய மற்ற 19 சர்வர்களின் ஃப்ரேம்கள் அவற்றின் பின்னால் வரிசையில் நிற்கும். சில ஸ்விட்சுகள் ஒரே ஐ.எஸ்.எல்.லைச் சில மெய்நிகர் தடங்களாகப் பிரிக்கின்றன. பாதிப்பு குறையும், போகாது, ஏனென்றால் தடங்கள் சர்வர்களைவிட மிகவும் குறைவு.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஓர் எட்ஜ் ஸ்விட்சில் இருந்த எல்லாச் சர்வர்களும் நாளுக்கு இரண்டு முறை தள்ளாடின. பக்கத்து எட்ஜில் ஒன்றுமில்லை. ஸ்டோரேஜின் திரையில் பதில் நேரம் அழகாக இருந்தது. ஸ்டோரேஜ்காரர் ‘என் பக்கம் சுத்தம்’ என்றார். ஐ.எஸ்.எல். பயன்பாடு முப்பது விழுக்காட்டைத் தாண்டவில்லை, ஆகவே கேபிள் போதவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. இன்னும் இரண்டு ஐ.எஸ்.எல். சேர்த்துப் பார்த்தோம், ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் கிரெடிட் இல்லாமல் காத்திருந்த நேரத்தை எண்ணும் கவுண்டரைப் பூஜ்யமாக்கி, ஒவ்வொரு போர்ட்டாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். சர்வர் போர்ட்டுகளில் ஒன்றே ஒன்றில் அது கிடுகிடுவென ஏறியது. போய்ப் பார்த்தால் எல்லாரும் மறந்துபோன ஒரு பழைய ரிப்போர்ட் சர்வர், 4 ஜிகாபிட் கார்டு. தினம் இரண்டு முறை பெரிய அட்டவணை ஒன்றை முழுவதும் படிக்கும். ஸ்டோரேஜின் நான்கு போர்ட்டுகள் 16 ஜிகாபிட் வேகத்தில் அதற்காகக் கொட்டும். அது 4-இல் உறிஞ்சும். மற்றது எல்லாம் ஐ.எஸ்.எல்.லில் தேங்கும். அந்தக் கார்டை மாற்றிய அன்றே தள்ளாட்டம் நின்றது.

இதிலிருந்து உங்கள் திட்டத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது: புதிய ஸ்டோரேஜை 32 ஜிகாபிட்டில் கோரில் செருகிவிட்டு, எட்ஜில் 8 ஜிகாபிட் கார்டு உள்ள பழைய சர்வர்களை அப்படியே விட்டுவைக்காதீர்கள். வேக இடைவெளி ஒரு தலைமுறைக்குள் இருக்கட்டும். பழைய கார்டை மாற்ற முடியாத சர்வர் இருந்தால் அதைக் கோரில் நேரே செருகுங்கள், அது தேங்கினாலும் ஐ.எஸ்.எல்.லை இழுத்துக்கொண்டு போகாது. இங்கே ஒரு எச்சரிக்கை: 32 ஜிகாபிட் எஸ்.எஃப்.பி. (ஸ்விட்ச் போர்ட்டில் செருகும் ஒளி மாட்யூல்) 32, 16, 8 என்ற மூன்று வேகங்களுக்கு இறங்கும், 4-க்கு இறங்காது. 64 ஜிகாபிட் எஸ்.எஃப்.பி. 16-க்குக் கீழே வராது.

அடுத்து, ஐ.எஸ்.எல். எத்தனை? எட்ஜில் 20 சர்வர்கள், ஒவ்வொன்றும் 16 ஜிகாபிட்: மொத்தம் 320. ஐ.எஸ்.எல். நான்கு, பழைய எட்ஜ் 16 ஜிகாபிட் என்பதால் கோர் 32 ஆனாலும் இணைப்பு 16-இல்தான் நிற்கும்: மொத்தம் 64. விகிதம் 5:1. பார்த்தவுடன் குறைவாகத் தோன்றும். ஆனால் உங்கள் ஃபேப்ரிக்கில் 60 சர்வர்களுக்கு எட்டு ஸ்டோரேஜ் போர்ட், அதாவது ஏழரைக்கு ஒன்று. சர்வருக்கும் ஸ்டோரேஜுக்கும் 7:1 என்பது நெடுநாளாகப் புழங்கும் ஆரம்ப எண். குறுகிய இடம் எப்படியும் ஸ்டோரேஜ் போர்ட்டாகத்தான் இருக்கும், ஐ.எஸ்.எல். அதைவிடக் குறுகாமல் இருந்தால் போதும்.

விகிதத்தைவிட உருப்படியான கணக்கு இது. 16 ஜிகாபிட் இணைப்பு ஒரு திசையில் விநாடிக்குச் சுமார் 1600 மெகாபைட் சுமக்கும். நான்கு என்றால் 6400. இருபது சர்வர்களும் ஒரே நேரத்தில் இழுத்தால் ஆளுக்கு 320. இரண்டு ஃபேப்ரிக்கும் ஓடும்போது ஆளுக்கு 640. ஒரு பக்கம் விழுந்த நாளில் மற்றப் பக்கம் முழுச் சுமையையும் தாங்க வேண்டும். ஆகவே நீங்கள் அடங்க வேண்டிய எல்லை 640 அல்ல, 320. இதை மறந்தவர்கள் பலர். இரண்டு பக்கமும் எழுபது விழுக்காட்டில் ஓடுவதைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருப்பார்கள்; ஒன்று போகும் நாளில் நூற்று நாற்பதை நூறில் திணிக்க முடியாது.

உங்கள் உண்மைச் சுமை என்ன என்பதை ஊகிக்க வேண்டாம். இப்போதுள்ள இரண்டு ஸ்விட்சுகளிலும் நான்கு ஸ்டோரேஜ் போர்ட்டுகளின் போக்குவரத்தை ஒரு மாதம் பதிவு செய்யுங்கள். மாதக் கடைசியும் முழு பேக்கப் ஓடும் இரவும் அதில் அடங்க வேண்டும். ஐந்து நிமிடச் சராசரி பொய் சொல்லும். பத்து விநாடிக்கு ஒருமுறை எடுத்த எண்ணில்தான் உச்சம் தெரியும். பேக்கப் என்றதும் நினைவு வருகிறது: எட்டாம் தலைமுறை எல்.டி.ஓ. டேப் டிரைவ் ஒன்று சுருக்கப்படாத தரவை விநாடிக்கு 360 மெகாபைட் வரை எழுதும். அந்த வேகத்தில் தரவு வராவிட்டால் டேப் நின்று நின்று ஓடும். டேப்பும் பேக்கப் சர்வரும் கோரில் இருக்க வேண்டும் என்றதற்கு இதுவும் காரணம். பேக்கப் சர்வரில் டேப்புக்குத் தனி எச்.பி.ஏ. போர்ட் வையுங்கள், டிஸ்க்கோடு கலக்காதீர்கள். அந்தக் கூடுதல் போர்ட்டுக்குக் காலியாக உள்ள பத்தில் ஒன்று போகட்டும்.

நான்கு ஐ.எஸ்.எல்.லையும் தனித்தனியாக விடாமல் ஒரே கற்றையாகக் கட்டுங்கள். இதற்கு ப்ரோகேடு ‘ட்ரங்க்’ என்கிறது, சிஸ்கோ ‘போர்ட் சேனல்’ என்கிறது. சிஸ்கோவில் ‘ட்ரங்க்’ என்றால் ஒரே இணைப்பில் பல வி-சேன்களை, அதாவது மெய்நிகர் ஃபேப்ரிக்குகளை, கொண்டுபோவது, வேறு சங்கதி. இரண்டு தயாரிப்பிலும் வேலை செய்த இருவர் தொலைபேசியில் பேசிக்கொள்ளும்போது இந்த ஒரு சொல்லாலேயே அரை மணி நேரம் வீணாவதைக் கேட்டிருக்கிறேன். ப்ரோகேடில் கற்றை கட்ட, அந்தப் போர்ட்டுகள் ஒரே போர்ட் குழுவில் இருக்க வேண்டும், கேபிள் நீளமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், ஸ்விட்சைப் பொறுத்து லைசென்ஸும் வேண்டியிருக்கும். ஆகவே சர்வர்களைச் செருகுவதற்கு முன்பே ஐ.எஸ்.எல்.லுக்கான நான்கு போர்ட்டுகளை ஒதுக்கி வையுங்கள். உங்கள் பழைய ஸ்விட்சில் 22 போர்ட் நிரம்பியிருக்கிறது. நான்கு சேர்ந்தாற்போல் காலியாக வேண்டுமானால் அங்கே உள்ள ஸ்டோரேஜ் கேபிள்களைக் கோருக்கு நகர்த்திய பிறகுதான் ஆகும்.

டைரக்டர் எப்போது? நான்கு கார்டு கொண்ட டைரக்டரில் 192 போர்ட், எட்டுக் கார்டு கொண்டதில் 384. ப்ரோகேடு, சிஸ்கோ இரண்டின் 32 ஜிகாபிட் வரிசையிலும் இதே எண்கள். கட்டுப்பாட்டுக் கார்டு இரட்டை, மின்சப்ளை இரட்டை, கார்டு கெட்டால் அதை மட்டும் உருவி மாற்றலாம். ஃபேப்ரிக்குக்கு 150 போர்ட்டைத் தாண்டும் என்று உறுதியாகத் தெரிந்தால் யோசிக்கலாம். 70-க்கு வேண்டாம். முக்கியமாக, ‘டைரக்டரே அவ்வளவு நம்பகமானது, ஒன்று வாங்கி உள்ளே இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்’ என்று யாராவது வந்தால் ஏற்காதீர்கள். ஒரு பெட்டிக்குள் ஏ-வும் பி-யும் இருந்தால், மேலே சொன்ன ஸ்டிக்கர் கதைதான். ஒரு டைரக்டருக்கும் இரண்டு சாதாரண ஸ்விட்சுக்கும் நடுவே தேர்ந்தெடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு ஸ்விட்ச் என்பேன்.

பிளேடு சேசிஸ் (பல சர்வர்களைச் செருகும் ஒரே கூடு) வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு குறிப்பு. அதன் உள்ளே வரும் ஃபைபர் சேனல் ஸ்விட்சுகளை முழு ஸ்விட்சாக ஓட்டாதீர்கள். ஆக்சஸ் கேட்வே அல்லது என்.பி.வி. முறையில் வையுங்கள். அப்போது அது ஃபேப்ரிக்கின் கண்ணுக்கு ஒரு ஸ்விட்சாகத் தெரியாது, பல சர்வர்கள் வந்திருப்பதாக மட்டும் தெரியும். டொமைன் ஐ.டி. (ஃபேப்ரிக்கில் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் உரிய எண்) கேட்காது, சோனிங் பிரதி வைத்துக்கொள்ளாது, ஃபேப்ரிக் மாற்றங்களில் தலையிடாது.

எட்ஜ் ஸ்விட்ச் தொலைவில், வேறு கட்டடத்தில் இருக்குமானால் கிரெடிட் கணக்கு மறுபடி வரும். முழு அளவு ஃப்ரேம்களுக்கு ஒரு எளிய வாய்ப்பாடு: கிலோமீட்டரை ஜிகாபிட் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுங்கள். 10 கிலோமீட்டர், 16 ஜிகாபிட் என்றால் 80 கிரெடிட். ஃப்ரேம்கள் சிறியவையாக இருந்தால் இன்னும் வேண்டும். ஒரே அறைக்குள் இருப்பவர்கள் கேபிள் வகையை மட்டும் பார்த்தால் போதும்: 16 ஜிகாபிட்டுக்கு ஓ.எம்.3 கேபிள் 100 மீட்டர், ஓ.எம்.4 125 மீட்டர். 32-க்கு முறையே 70, 100.

இதே கேள்வியை ஐ-ஸ்கஸியில் (ஈத்தர்நெட் வழியே ஸ்டோரேஜை எட்டும் முறையில்) கேட்டால் வடிவம் வேறு, கொள்கை அதுதான்: இரண்டு தனி ஈத்தர்நெட் ஸ்விட்சுகள், இரண்டு தனி சப்நெட். அவற்றை ஸ்டேக் செய்து ஒன்றாக்காதீர்கள். பல ஸ்டேக்குகளில் ஃபர்ம்வேர் ஏற்றும்போது எல்லாப் பெட்டியும் ஒன்றாக ரீபூட் ஆகும்.

வாங்கும் முன் சில. கோரும் எட்ஜும் ஒரே தயாரிப்பாளருடையதாக இருக்கட்டும். இந்தச் சந்தை ஏற்கெனவே சுருங்கிவிட்டது: 2007-இல் மெக்டேட்டா ப்ரோகேடுக்குள் போனது, 2017-இல் ப்ரோகேடு பிராட்காமுக்குள் போனது, இன்று பெரும்பாலும் ப்ரோகேடு அல்லது சிஸ்கோ. ஸ்டோரேஜ் கம்பெனி தன் பெயர் ஒட்டி விற்கும் ஸ்விட்சும் உள்ளே இவற்றில் ஒன்றாகவே இருக்கும். உங்கள் பழைய ஸ்விட்ச் எதுவோ அதன் குடும்பத்திலேயே வாங்குங்கள், ஸ்டோரேஜ் தயாரிப்பாளரின் பொருந்து பட்டியலில் அந்த ஃபர்ம்வேர் பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

டொமைன் ஐ.டி.யை ஸ்விட்சின் விருப்பத்துக்கு விடாமல் கையால் நிலைப்படுத்துங்கள். ஏ பக்கம் 11, 12, 13. பி பக்கம் 21, 22, 23 என்பது என் வழக்கம். முகவரியைப் பார்த்தவுடன் எந்தப் பக்கம் என்று தெரியும். இரண்டு பக்கமும் ஒரே எண்களை வைப்பவர்களும் உண்டு: யாராவது தவறிப்போய் ஏ-வையும் பி-யையும் கேபிளால் இணைத்தால், எண் மோதி ஸ்விட்சுகள் சேர மறுத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. அதிலும் நியாயம் இருக்கிறது. சோனிங்கில் ஒரு சோனுக்கு ஒரே சர்வர் போர்ட், அதற்கு வேண்டிய ஸ்டோரேஜ் போர்ட்டுகள், அவ்வளவுதான்.

மாற்றத்தை எப்படிச் செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அங்கேதான் நல்ல வடிவங்களும் கவிழ்கின்றன. முதல் வேலை, 18 சர்வர்களிலும் மல்டிபாத் நிலையைப் பார்ப்பது. இரண்டு பக்கமும் உயிரோடு இருக்கிறதா என்று வாயால் கேட்காதீர்கள், திரையில் பாருங்கள். 18-இல் ஒன்றிலாவது ஒரு பக்கம் மாதக்கணக்கில் செத்துக் கிடக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அதைச் சரிசெய்யும்வரை ஒரு கேபிளையும் தொட வேண்டாம். புதிய கோர் ஸ்விட்சின் பழைய அமைப்புகளையும் சோனிங்கையும் துடைத்துவிட்டு, ஐ.டி. கொடுத்து, பி ஃபேப்ரிக்கில் உள்ள காலி போர்ட் இரண்டில் தற்காலிக ஐ.எஸ்.எல். போட்டு இணையுங்கள், சோனிங் தானாக வந்து சேரும். பிறகு ஸ்டோரேஜின் பி பக்கக் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கோருக்கு மாற்றுங்கள். ஒன்றை மாற்றியதும் எல்லாச் சர்வரிலும் பாதை திரும்பிவிட்டதா என்று பார்த்துவிட்டே அடுத்ததைத் தொடுங்கள். சோன்கள் டபிள்யூ.டபிள்யூ.பி.என். (சர்வர், ஸ்டோரேஜ் போர்ட் ஒவ்வொன்றுக்கும் உரிய தனி அடையாள எண்) அடிப்படையில் இருந்தால் போர்ட் மாறினாலும் சோனிங்கில் கை வைக்க வேண்டியிருக்காது. ஸ்விட்ச் போர்ட் எண்ணை வைத்து சோன் எழுதியிருந்தால் அதை முன்கூட்டியே மாற்றி எழுதுங்கள். காலியான போர்ட்டுகளில் நான்கு ஐ.எஸ்.எல்.லையும் கற்றையாகக் கட்டுங்கள்.

பி பக்கம் முடிந்ததும் அன்றே ஏ பக்கம் போகாதீர்கள். ஒரு முழு பேக்கப் சுற்றும் ஒரு மாதக் கடைசியும் போகட்டும். அந்தக் கிரெடிட் கவுண்டரைத் தினம் ஒருமுறை பாருங்கள். ஏறாமல் இருந்தால் ஏ பக்கத்தை ஆரம்பிக்கலாம்.